'லாஸ்ட்' கிளைமாக்ஸ்: யார் எப்போது செத்தார்கள், சண்டை ஏன் இன்னும் ஓயவில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே இருப்பது 'லாஸ்ட்' என்ற அமெரிக்க டிவி சீரிஸின் முடிவைப் பற்றியது, முழுக்க முழுக்க ஸ்பாய்லர். ஆறு சீசனும் பார்க்காதவர்கள் இப்போதே ஓடிவிடலாம். பார்த்து முடித்துவிட்டு "இதுக்கா இத்தனை வருஷம்?" என்று கடுப்பானவர்களுக்கும், அதே காட்சியைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதவர்களுக்கும்தான் இது.

முதலில் சுருக்கமாகச் சொல்லுங்கள், கடைசியில் என்னதான் நடந்தது?

சிட்னியிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போன ஓஷியானிக் 815 விமானம் உடைந்து ஒரு தீவில் விழுகிறது, பிழைத்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதுதான் கதை. அமெரிக்காவின் ஏ.பி.சி. சேனலில் 2004 செப்டம்பர் 22 அன்று தொடங்கி 2010 மே 23, ஞாயிறு இரவு முடிந்தது.

கடைசி எபிசோடில் இரண்டு தடங்கள். முதல் தடம் தீவு. செத்துப்போன பயணி லாக்கின் உருவத்தில் திரிகிற புகை அரக்கன் தீவை மூழ்கடித்துவிட்டுக் கிளம்பப் பார்க்கிறான். டெஸ்மண்ட் ஒளிக்குகைக்குள் இறங்கி நடுவில் இருக்கும் கல்லைப் பிடுங்குகிறான், ஒளி அணைகிறது, அரக்கனுக்கும் சாகக்கூடிய உடம்பு வந்துவிடுகிறது. பிழைத்தவர்களில் ஒருத்தியான கேட் சுட, கதாநாயகன் ஜாக் அவனை மலையிலிருந்து உதைத்துத் தள்ளுகிறான். அப்புறம் விலாவில் கத்திக்குத்தோடு ஜாக்கே கீழே இறங்கிக் கல்லைத் திரும்ப வைத்துவிட்டு, மூங்கில் காட்டில் போய் விழுந்து, நண்பர்கள் தப்பிப்போகும் விமானம் மேலே பறப்பதைப் பார்த்தபடி கண்ணை மூடுகிறான்.

இரண்டாவது தடம், விமானம் விழவே விழாமல் பத்திரமாகத் தரையிறங்கிய மாதிரி ஆறாவது சீசன் முழுக்கக் காட்டிய இன்னொரு வாழ்க்கை. ரசிகர்கள் அதை 'சைட்வேஸ்' என்பார்கள். அதன் முடிவில் எல்லோரும் ஒரு தேவாலயத்தில் கூடுகிறார்கள், ஜாக்கின் செத்துப்போன அப்பா கிறிஸ்டியன் வந்து, இங்கே இருக்கிற எல்லோருமே இறந்தவர்கள்தான் என்று மகனுக்குச் சொல்கிறார். மொத்தச் சண்டையும் இந்த இடத்தில்தான் ஆரம்பம்.

அப்படியென்றால் விமானம் விழுந்தபோதே எல்லோரும் செத்துவிட்டார்களா?

இல்லை. இல்லவே இல்லை.

தீவில் நடந்தது அத்தனையும் நிஜம். பாதாள அறை, அங்கே 108 நிமிடத்துக்கு ஒரு தரம் அழுத்த வேண்டிய பட்டன், தீவில் ஆராய்ச்சி நடத்திய தர்மா இனிஷியேட்டிவ் அமைப்பு, 1970-களுக்குப் போனது, திரும்பி வந்தது எல்லாமே. சைட்வேஸ் மட்டும்தான் இறப்புக்குப் பிந்தைய இடம். இது யாரோ ஒரு ரசிகரின் வியாக்கியானம் இல்லை, அந்தக் காட்சியிலேயே கிறிஸ்டியன் வாயால் சொல்கிறார்: உனக்கு நடந்ததெல்லாம் உண்மை, இவர்களில் சிலர் உனக்கு முன்னால் செத்தார்கள், சிலர் உனக்கு வெகுகாலம் கழித்துச் செத்தார்கள், இங்கே 'இப்போது' என்று ஒன்று கிடையாது. இதைவிட வெளிப்படையாக எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அதுவும் போதாதென்றால் தேவாலயத்துக்கு வெளியே பென்னும் ஹர்லியும் பேசிக்கொள்வதைக் கவனியுங்கள். நீ எனக்கு நல்ல நம்பர் டூவாக இருந்தாய் என்கிறான் ஹர்லி, நீ அருமையான நம்பர் ஒன் என்கிறான் பென். ஜாக் செத்த பிறகு அந்த இரண்டு பேரும் சேர்ந்து தீவைக் காவல் காத்த காலத்தைத்தான் இந்த இரண்டு வரி சொல்கிறது. நமக்கு அதை ஒரு நிமிடம்கூடக் காட்டவில்லை, ஆனால் நடந்திருக்கிறது. அதேபோல கேட், ஜாக்கைப் பார்த்ததும் உன்னை ரொம்பத் தேடினேன் என்கிறாள். அவன் இல்லாமல் பல வருடம் வாழ்ந்தவள்தான் அப்படிச் சொல்ல முடியும்.

அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருந்தால் பாதி உலகம் ஏன் தப்பாகப் புரிந்துகொண்டது?

காரணம் ஒன்றல்ல. முதல் குற்றவாளி சேனல். கடைசிக் காட்சியில் ஜாக்கின் கண் மூடி, 'லாஸ்ட்' என்ற எழுத்து வந்து போனதும், பெயர்ப் பட்டியல் ஓடும்போது கடற்கரையில் விமானத்தின் உடைந்த பாகங்கள் மட்டும் கிடக்கும் படங்கள் வந்தன. ஆள் நடமாட்டம் இல்லை, அலைச் சத்தம் மட்டும். இது கதையின் பகுதியே அல்ல. அடுத்து வரும் இரவுச் செய்திக்கு நேயர்கள் சட்டென்று தூக்கி எறியப்பட்ட மாதிரி உணரக்கூடாது, கொஞ்சம் மூச்சுவிடட்டும் என்று ஏ.பி.சி. தானாகச் சேர்த்தது, பிற்பாடு சேனலே அதை ஒப்புக்கொண்டு விளக்கமும் கொடுத்தது. ஆனால் ஆறு வருடமாக ஒவ்வொரு பிரேமையும் நிறுத்தி நிறுத்தித் துப்புத் தேடிப் பழகிய கூட்டத்திடம் போய் யாருமே பிழைக்காத ஒரு கடற்கரையைக் காட்டினால் அவர்கள் என்ன முடிவுக்கு வருவார்கள்? "ஓஹோ, ஒருத்தரும் பிழைக்கவே இல்லை போல" என்றுதான். இன்றுவரை அந்தப் படத்தை ஆதாரமாகக் காட்டி வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது காரணம் பழசு. முதல் சீசன் ஓடும்போதே, இவர்கள் எல்லோரும் செத்துவிட்டார்கள், தீவு என்பது சொர்க்கத்துக்கும் நரகத்துக்கும் நடுவில் பாவம் கழிக்கிற இடம் என்று ஒரு தியரி சுற்றியது. எழுதுகிறவர்கள் அப்போதே அதைத் திரும்பத் திரும்ப மறுத்தார்கள். சரி என்று எல்லோரும் நம்பினோம். கடைசியில் அதே பாவம் கழிக்கிற இடத்தை வேறொரு வாசல் வழியாகக் கொண்டுவந்து வைத்தால், "அன்றைக்கு இல்லைன்னு சொன்னீங்களே" என்று கேட்கத்தான் செய்வார்கள். தீவு அந்த இடம் இல்லை, சைட்வேஸ்தான் அது, ஆகவே அவர்கள் பொய் சொல்லவில்லை. சட்டப்படி சரி. ஆனால் இரவு பதினொன்றரை மணிக்குக் கண்ணீரோடு உட்கார்ந்திருப்பவரிடம் சட்டம் பேச முடியாது.

மூன்றாவது, பாதியில் விட்டுப்போனவர்கள். இரண்டாவது சீசனின் முதல் எபிசோடை 2.3 கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். கடைசி எபிசோடைச் சராசரியாக 1.35 கோடிப் பேர். இடையில் காணாமல் போன கூட்டத்தில் பலர் முடிவைப் பற்றிக் கேள்விப்பட்டதோடு சரி, அலுவலகத்தில் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னதுதான் அவர்களுக்கு வேதம்.

எழுதியவர்கள் நேரடியாக பதில் சொன்னார்களா?

சொன்னார்கள், ஆனால் தாமதமாக. சீரிஸை நடத்திய டேமன் லிண்டலாஃப், கார்ல்டன் கியூஸ் இருவரும் முடிவுக்குப் பிறகு வாயைத் திறப்பதில்லை என்று இருந்துவிட்டார்கள், வேண்டுமென்றேதான். 2014-இல் பத்தாம் ஆண்டை ஒட்டி நடந்த சந்திப்பு ஒன்றில்தான் கியூஸ், அவர்கள் ஆரம்பத்திலிருந்தே செத்தவர்கள் இல்லை என்று பட்டென்று சொல்லி, அந்த விமான பாகங்கள் விவகாரத்தையும் விளக்கினார். நாலு வருடத்தில் ஒரு தப்பான தகவல் எவ்வளவு தூரம் போகும் என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

சரி, தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை, சரியாகவே புரிந்துகொண்டேன். ஆனாலும் கோபம் வருகிறதே?

வரட்டும், அது நியாயமான கோபம். "எல்லோரும் செத்துட்டாங்க" என்பவர்களைத் திருத்திவிட்டால் முடிவு நல்ல முடிவாகிவிடும் என்று தீவிர ரசிகர்கள் சிலர் நினைக்கிறார்கள். அப்படி ஆகாது. உண்மையான பிரச்சினை கடைசிப் பத்து நிமிடத்தில் இல்லை, ஆறாவது சீசனின் முதல் மணி நேரத்திலேயே இருக்கிறது என்பது என் கட்சி.

ஐந்தாவது சீசன் எப்படி முடிந்தது என்று நினைத்துப் பாருங்கள். 1977-இல் ஜூலியட் கிணற்றுக்குள் விழுந்து, ஹைட்ரஜன் குண்டைக் கல்லால் அடி அடி என்று அடிக்கிறாள், திரை வெள்ளையாகிறது. குண்டு வெடித்தால் வரலாறு மாறி விமானம் விழாமல் போகும் என்பது திட்டம். எட்டு மாதம் கழித்து ஆறாவது சீசன் எந்தக் காட்சியோடு தொடங்குகிறது? விழாத விமானத்தோடு. கூடவே கடல் ஆழத்தில் மூழ்கிக் கிடக்கும் தீவையும் காட்டுகிறார்கள். இதைப் பார்த்தால் யாருக்கும், ஆஹா, குண்டு வேலை செய்துவிட்டது, இரண்டு காலக்கோடு உண்டாகிவிட்டது என்றுதான் தோன்றும். போதாக்குறைக்கு, செத்தவர்களின் கடைசி நினைவைக் கேட்கக்கூடிய மைல்ஸ், செத்த ஜூலியட் "வேலை செய்தது" என்று சொல்ல வந்ததாக அவள் காதலன் சாயரிடம் சொல்கிறான்.

கடைசி எபிசோடில் அந்த 'வேலை செய்தது' எதைப் பற்றி என்று தெரிகிறது. மருத்துவமனை மெஷின் ஒன்றில் சாயரின் சாக்லெட் மாட்டிக்கொள்கிறது. பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் சொருகு, விழுந்துவிடும் என்கிறாள் ஜூலியட். பிடுங்குகிறான், விளக்கெல்லாம் அணைகிறது, சாக்லெட் விழுகிறது, வேலை செய்தது என்கிறாள். கை படுகிறது, இருவருக்கும் எல்லாம் ஞாபகம் வருகிறது. நல்ல காட்சி, நான் இதைக் குறை சொல்லவே மாட்டேன், அந்த ஜோடிக்காகவே இன்னொரு தடவை பார்ப்பேன். ஆனால் ஒரு ஹைட்ரஜன் குண்டுக்கான பதில் மிட்டாய் மெஷினில் போய் முடிந்தது என்று ஒருவர் எரிச்சல்பட்டால் அவரையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

அறிவியல் புனைவு பார்க்கிறவர்களுக்கும் எழுதுகிறவர்களுக்கும் ஒரு ஒப்பந்தம் உண்டு: விதியைச் சொல், அதற்குள் விளையாடு. காலப் பயணம், மின்காந்தம், 108 நிமிடத்துக்கு ஒரு தரம் பட்டன் என்று ஐந்து வருடம் விதி சொன்னார்கள். ஆறாவது வருடம் அதே விதிகளின் தோற்றத்தைக் காட்டிக்கொண்டே வேறொரு ஆட்டத்தை ஆடினார்கள், அதையும் கடைசி நிமிடம் வரை சொல்லவில்லை. பதினெட்டு எபிசோடு யோசித்துத் தியரி எழுதியவர்கள் அத்தனை பேரின் உழைப்பும் ஒரே வரியில் காலி.

தீவின் ரகசியத்துக்காவது பதில் சொன்னார்களா?

'அக்ராஸ் தி சீ' என்று கடைசிக்கு இரண்டு வாரம் முன்னால், மே 11 அன்று ஒரு எபிசோடு வந்தது. தீவின் காவலன் ஜேக்கப்பும், பிற்பாடு புகை அரக்கனாகிற அவன் சகோதரனும் சின்னப் பிள்ளைகள், வளர்ப்புத்தாய் அவர்களை ஒரு குகைக்குக் கூட்டிப்போய்த் தங்க நிறத்தில் ஒளிர்கிற நீரோடையைக் காட்டுகிறாள், உயிரும் சாவும் மறுபிறப்பும் எல்லாம் இதில் இருக்கிறது என்கிறாள். அவ்வளவுதான் விளக்கம். அதே எபிசோடில் அவள், ஒவ்வொரு கேள்விக்கும் பதில் இன்னொரு கேள்வியைத்தான் கொண்டுவரும் என்றும் சொல்லிவிடுகிறாள், நம்மைப் பார்த்துச் சொன்ன மாதிரியே இருக்கும்.

ரசிகர்களின் கோபம் ஒரே வாரத்தில் உச்சிக்குப் போனது இங்கேதான் என்பேன். அதற்கு ஒரு வாரம் முன்புதான் நீர்மூழ்கிக் கப்பலில் சன், ஜின், சையித் மூன்று பேரையும் கொன்றிருந்தார்கள். ஜின் தன் மனைவி சன்னை விட்டு வர மறுத்து அவள் கையைப் பிடித்தபடி மூழ்கிச் சாகிறான், எல்லோரும் அழுதோம். அழுது முடித்ததும், "அய்யோ, ஊரில் அவங்க குழந்தைக்கு யார் இருக்கா?" என்ற கேள்வி. இதை இன்றைக்கும் கேட்கிறார்கள், பதில் இல்லை.

எவ்வளவு மர்மங்கள் அந்தரத்தில் விடப்பட்டன?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. எதற்குமே பதில் இல்லை என்பது சோம்பேறித்தனமான புகார். தீவில் திரிந்த பனிக்கரடியையே எடுத்துக்கொள்ளுங்கள், இந்தச் சீரிஸைக் கிண்டல் பண்ணுகிறவர்கள் முதலில் இழுப்பது அதைத்தான். தர்மா ஆட்கள் ஹைட்ரா நிலையத்தில் கூண்டில் வைத்து ஆராய்ச்சி பண்ணக் கொண்டுவந்தவை. சாயரையும் கேட்டையும் மூன்றாவது சீசனில் அடைத்து வைத்தது அதே கூண்டில்தான். நாலாவது சீசனில் துனீசியப் பாலைவனத்தில் ஹைட்ரா பட்டையோடு கரடியின் எலும்புக்கூடும் கிடைக்கிறது. இன்னும் என்ன வேண்டும்?

4, 8, 15, 16, 23, 42 என்ற எண்கள் (கூட்டினால் 108, பட்டன் கணக்கு) ஜேக்கப் தனக்குப் பிறகு காவலுக்குத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தவர்களின் வரிசை எண்கள்: லாக், ஹர்லி, சாயர், சையித், ஜாக், குவான் (சன், ஜின் தம்பதியின் குடும்பப் பெயர்). அந்த எண்கள் ஏன் ஹர்லியின் லாட்டரியிலும் பாதாள அறைக் கதவிலும் வந்தன என்றால், அதற்குத்தான் திருப்தியான பதில் இல்லை.

உண்மையிலேயே அந்தரத்தில் தொங்கியது வால்ட். முதல் சீசனில் இந்தப் பையனுக்கு ஏதோ சக்தி இருக்கிறது, பறவைகள் வந்து கண்ணாடியில் மோதுகின்றன என்றெல்லாம் கட்டியெழுப்பினார்கள். ஆனால் கதையில் நாலு சீசன் சேர்ந்து சில மாதங்கள்தான், அந்த நடிகரோ வருடா வருடம் வளர்ந்துகொண்டே போனார். கதையிலிருந்து மெதுவாக ஓரங்கட்டிவிட்டார்கள். பிள்ளையை நடிக்கவைத்து மர்மம் கட்டினால் இதுதான் நடக்கும்.

போகிற போக்கில் வாய்க்கு வந்ததை எழுதினார்கள் என்பது உண்மையா?

பாதி உண்மை, ஆனால் பழி முழுக்க எழுத்தாளர்கள் மேல் இல்லை. நன்றாக ஓடுகிற சீரிஸை எந்த சேனலும் முடிக்க விடாது. முடிவுத் தேதி தெரியாதவரை எழுதுகிறவர்கள் ரப்பர் மாதிரி இழுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். மூன்றாவது சீசனில் ஜாக்கின் கையிலுள்ள பச்சைக்குத்து எப்படி வந்தது என்று ஒரு முழு எபிசோடு வருமே, தாய்லாந்தில் நடப்பது, அதுதான் இந்த இழுவையின் அடிமட்டம். எழுதியவர்களே பிற்பாடு அதைக் காட்டித்தான், முடிவுத் தேதி இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும் என்று வாதாடியதாகச் சொன்னார்கள். 2007 மே மாதம் ஏ.பி.சி. இறங்கி வந்தது: இன்னும் 48 எபிசோடு, 2010-இல் முடிவு. அமெரிக்க டிவியில் மூன்று வருடம் முன்கூட்டியே முடிவை அறிவித்தது அப்போது அபூர்வம்.

ஆக, அதற்கு முன்னால் வந்தவற்றில் தடுமாற்றம் இருக்கும், அதற்குப் பின்னால் வந்தவற்றுக்குச் சாக்கு கிடையாது. ஆரம்பத் திட்டப்படி ஜாக் முதல் எபிசோடிலேயே சாக வேண்டியவன் என்பதையும் சேர்த்துக்கொண்டால், எவ்வளவு விஷயம் போகிற போக்கில் முடிவாகியிருக்கிறது என்று புரியும். கடைசி ஷாட் ஜாக்கின் கண் மூடுவது என்று பேசுகிறோம், அந்தக் கண்ணே இருந்திருக்காது.

தேவாலயத்தில் சையித் ஏன் ஷானனோடு? அவன் காதலி நாடியா எங்கே?

இதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஒரு மனிதன் நாடியாவைத் தேடி உலகம் முழுக்க அலைந்து, கண்டுபிடித்து, கல்யாணமும் பண்ணி, அவளைப் பறிகொடுத்துப் பைத்தியம் பிடித்துத் திரிந்த பிறகு, இறப்புக்குப் பிந்தைய அந்த இடத்தில், தீவில் சில வாரம் பழகிய ஷானனோடு அணைத்து நிற்கிறான். தீவில் பழகியவர்கள்தான் அங்கே கூடுகிறார்கள் என்ற தர்க்கம் சொல்வார்கள். சொதப்பல்தான்.

கடைசியில் மதப் பிரசாரம் பண்ணிவிட்டார்கள் என்கிறார்களே?

தேவாலயம், வெள்ளை ஒளி, கிறிஸ்டியன் ஷெப்பர்ட் என்ற பெயர், எல்லாம் சேர்ந்து அப்படித் தெரியும். அந்தப் பெயர் காதில் விழுந்ததும் கேட் சிரிப்பாள், அதையும் எழுதியவர்கள் விடவில்லை. ஆனால் ஜாக் அப்பாவோடு பேசும் அறையின் வண்ணக் கண்ணாடி ஜன்னலைக் கவனித்தீர்களா? சிலுவையோடு பிறை, தாவீதின் நட்சத்திரம், பௌத்த தர்மச் சக்கரம், தாவோ சின்னம், நம்ம ஓம் எல்லாமே இருக்கிறது. கிறிஸ்தவ சொர்க்கம் என்பதைவிட, செத்த பிறகு தன்னைச் சேர்ந்தவர்களை அடையாளம் கண்டு, பற்றை விட்டு அடுத்த இடத்துக்குப் போவது என்ற எண்ணம் நமக்கு அவ்வளவு அந்நியமும் இல்லை. அமெரிக்காவில் குண்டைத் தூக்கிப்போட்ட மாதிரி இருந்தது, இங்கே பார்த்த பலருக்கு அது அவ்வளவு பெரிய அதிர்ச்சியாக இருந்திருக்காது என்பது என் ஊகம்.

அறிவியல் கதையைக் கடவுளிடம் கொண்டுபோய் விட்டார்கள் என்ற இதே புகார் ஒரு வருடம் முன்னால், 2009 மார்ச்சில் முடிந்த 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா' என்ற விண்வெளி சீரிஸுக்கும் வந்தது. லாஸ்ட் கடைசிக்குத் தயாராகிக்கொண்டிருந்த நேரம் அது.

அழுதவர்கள் எதற்காக அழுதார்கள்?

நாய்க்காக. விளையாட்டாகச் சொல்லவில்லை. முதல் எபிசோடில் ஜாக் மூங்கில் காட்டில் கண்ணைத் திறக்கும்போது முதலில் வருவது வின்சென்ட் என்கிற அந்த நாய். கடைசியில் அவன் விழுந்து கிடக்கும்போது அதே நாய் ஓடிவந்து பக்கத்தில் படுத்துக்கொள்கிறது. மனிதர்கள் யாரும் கூட இல்லை, ஆனால் தனியாகச் சாகவில்லை. பின்னால் மைக்கேல் ஜியாக்கினோவின் இசை. மர்மத்துக்காகப் பார்த்தவர்கள் ஏமாந்தார்கள், மனிதர்களுக்காகப் பார்த்தவர்கள் அழுதார்கள் என்று பிரித்துச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை, ஏனென்றால் நான் இரண்டுக்காகவும் பார்த்தேன், ஒரே இரவில் இரண்டும் நடந்தது.

லிண்டலாஃப் இதனால் ரொம்ப அடிபட்டாரா?

ஆமாம். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கதையை எழுதிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 2011-இலேயே, தன் நாவல் வரிசையும் லாஸ்ட் மாதிரி முடிந்துவிடுமோ என்று பயப்படுவதாகப் பேட்டியில் சொன்னார், லிண்டலாஃபுக்கு அது உறுத்தியது. 2013 செப்டம்பரில் 'பிரேக்கிங் பேட்' சீரிஸ் எல்லோரும் மெச்சும்படி முடிந்ததும், சம்பந்தமே இல்லாமல் ட்விட்டரில் இவரைத் திட்டித் தீர்த்தார்கள். அதைப் பற்றி ஒரு பத்திரிகையில் மனம்விட்டு எழுதினார், அடுத்த மாதம் ட்விட்டரை விட்டே போனார், கடைசிப் பதிவு பாதி வாக்கியத்தில் நிற்கும். பிறகு 'தி லெஃப்ட்ஓவர்ஸ்' எடுத்தார். உலக மக்கள்தொகையில் இரண்டு சதவீதம் பேர் திடீரென்று மறைந்துவிடுகிற கதை, ஏன் மறைந்தார்கள் என்று கடைசிவரை உறுதியாகச் சொல்லாது, அந்த முடிவைப் பலர் கொண்டாடினார்கள். மார்ட்டினின் கதை டிவியில் 2019-இல் முடிந்தபோது என்ன கூத்து நடந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

டிவிடியில் வந்த அந்தப் பன்னிரண்டு நிமிடப் படத்தைப் பார்க்க வேண்டுமா?

பாருங்கள். 'தி நியூ மேன் இன் சார்ஜ்', 2010 ஆகஸ்டில் வந்தது. பென் குவாமில் உள்ள ஒரு கிடங்குக்குப் போய், தீவுக்கு இன்னும் உணவுப் பொட்டலம் அனுப்பிக்கொண்டிருக்கிற இரண்டு தர்மா ஊழியர்களை வேலையிலிருந்து அனுப்புகிறான். ஆளுக்கு ஒரே ஒரு கேள்வி கேட்கலாம் என்கிறான், அந்த இரண்டு பேர் முகத்திலும் நம் முகமே தெரியும். வால்ட்டும் வருகிறான். இதைக் கடைசி எபிசோடுக்குள்ளேயே எங்காவது நுழைத்திருந்தால் பாதித் திட்டு குறைந்திருக்கும்.

இப்போது புதிதாகப் பார்க்கத் தொடங்கினால் முடிவு கடுப்பேற்றுமா?

குறைவாகத்தான் ஏற்றும். அன்றைக்கு ஒரு வாரம் ஒரு எபிசோடு, சீசனுக்கு நடுவில் எட்டு மாதம், அந்த இடைவெளி முழுக்கத் தியரி பேசியே எதிர்பார்ப்பை ஊதிப் பெருக்கினோம். இன்றைக்கு ஒரு மாதத்தில் முடித்துவிடுகிறவர்களுக்கு ஊதுவதற்கு நேரமே இல்லை, கதாபாத்திரங்கள் மட்டும் கூடவே இருக்கிறார்கள். மூன்றாவது சீசனின் முதல் பாதி இழுக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டுங்கள். பச்சைக்குத்து எபிசோடைத் தாண்டிக் குதித்தாலும் ஒன்றும் குடிமுழுகிப்போகாது.